கரைந்த கோடு

மழை விட்ட பிறகும் மைதானத்தில் வெளிச்சம் வரவில்லை. கடல்காற்றில் கோல் வலை சொட்டச் சொட்ட ஆடுகிறது. 2006 இரண்டாம் டிவிஷன் லீக்கின் கடைசி ஆட்டம் முடியும் தறுவாயில் இருக்கிறது. இன்னும் கோல் விழவில்லை. இப்படியே முடிந்தால் நெல்லித்தோப்பு அணி இந்த டிவிஷனில் தங்கிவிடும். தோற்றால் கீழே இறங்க வேண்டும். அதன் கோல்கீப்பர் ஜானகிராமன் சேற்றில் மண்டியிட்டு, பந்தை நெஞ்சோடு அணைத்திருக்கிறான். மேல்கம்பத்தில் பட்டு விழுந்த பந்து கோட்டைத் தாண்டியதா என்று அவனைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. சுண்ணாம்புக் கோடு மழையில் கரைந்து பால்போலப் பரவியிருக்கிறது. லைன்ஸ்மேன் உதட்டைப் பிதுக்குகிறார். கத்துகிற எதிரணிக்காரர்களை விலக்கிக்கொண்டு வந்து ரெஃப்ரி குனிகிறார். "நீதான் பக்கத்துல இருந்த. சொல்லுப்பா." ஜானகிராமன் தன் கேப்டன் ஷஹாபுதீனைப் பார்க்கிறான். முகத்தில் வழியும் தண்ணீரைத் துடைக்காமல் ஷஹாபுதீன் நிற்கிறான். "உள்ள போயிடுச்சு சார்," என்கிறான் ஜானகிராமன். விசில் ஒலிக்கிறது. எதிரணி ஒருவர்மேல் ஒருவராக விழுந்து கூவுகிறது. நெல்லித்தோப்புக்காரர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். ஷஹாபுதீன் மட்டும் வந்து பந்துக்குக் கை நீட்டுகிறான். ஜானகிராமனின் கைகள் விடவில்லை. "குடுடா. நடுவுல வைக்கணும். இன்னும் டைம் இருக்கு." சேறு அப்பிய அந்த விரல்களை மெதுவாகப் பிரித்துப் பந்தை வாங்கிக்கொண்டு, ஷஹாபுதீன் நடுவட்டத்தை நோக்கி ஓடுகிறான்.