காவல் முறை

அதிபர் நாட்டை விட்டு ஓடிய மறுநாளே போலீஸ்காரர்களும் மறைந்துவிட்டார்கள். பழைய அலமாரிகளையும் கதவுகளையும் தெருமுனைகளில் குறுக்கே போட்டு ஜனங்களே காவலுக்கு நின்றார்கள். ஒன்பது நாள் வீட்டுக்குள் ஒளிந்திருந்த கான்ஸ்டபிள் நாஸிஃப், பத்தாம் நாள் மதியம் ஜுரத்தில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். தடுப்பில் நின்றவள் சுஹைலா. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் மகன் ஃபிராஸைக் கழுத்தைப் பிடித்து ஜீப்பில் ஏற்றியவன் இவன்தான். சிறைக்கதவுகள் திறந்த பிறகு, போன வாரம்தான் பையன் வீடு வந்திருந்தான்.

“என்னை என்ன வேணா செய்யுங்கம்மா. குழந்தையை மட்டும் ஆஸ்பத்திரிக்கு விட்டுடுங்க,” என்றான் நாஸிஃப்.

சுஹைலா குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தன் சால்வையை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வழியில் ஆறு தடுப்புகள் இருந்தன. சிலர் அவனை அடையாளம் கண்டு தடியை ஓங்கினார்கள்.

“எங்க தெருப் பிள்ளை. வழி விடுங்க,” என்று சொல்லிக்கொண்டே அவள் நடந்தாள்.

மாலையில் ஜுரம் இறங்கியது. திரும்பும்போது அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“என்கிட்ட வேண்டாம்,” என்றாள் சுஹைலா. “நாளைக்குக் காலையில காவல் ஃபிராஸோட முறை. நீயும் வந்து நில்லு. அவனுக்கு வலது பக்கமா நின்னு பேசு. இடது காது இப்பக் கேக்கறதில்ல.”