ஐந்தாம் எண் கட்டில்

"யோவ், எந்திரிய்யா! பத்து மணிக்குக் கட்டிலைக் காலி பண்ணணும்னு சுவத்துல ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருக்கு, கண்ணு தெரியல?"

"காலி பண்ண மாட்டேன். இன்னைக்கும் தங்கறேன். வெந்நீர் பிளாஸ்க் எங்கே?"

"பின்னால அடுப்பு இருக்கு. உனக்குக் கையும் ரெண்டு இருக்கு. போய்ப் பிடிச்சுக்கோ!"

சீனாவின் பழைய ஊரான பிங்யாவ் மதிலுக்குள், வினிகர் சந்தில், யுன்சின் என்பவள் நடத்தும் மலிவு விடுதி அது. முற்றத்தைச் சுற்றி நாலு அறை, அறைக்கு ஆறு கட்டில். அவள் போட்ட சத்தம் கேட்டு, பல் துலக்கிக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் வாய் நுரையோடு முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. எங்கள் சந்தில் ஜன்னல் திறப்பது காற்றுக்காக அல்ல.

சரியாக அந்த நேரம் பார்த்து, வீட்டு ஒதுக்கீட்டு அலுவலர் லுவான் கோப்பும் கையுமாக உள்ளே நுழைந்தார்.

"யாரு இவரு?"

"அஞ்சாம் நம்பர் கட்டில்."

"ஹோவ் பாவ்குதானே? போன மாசம் நீங்க விவாகரத்து பண்ணின புருஷன்?"

"அதுக்கென்ன? அடையாள அட்டை காட்டினா யாருக்கும் இங்க படுக்கை உண்டு. ரிஜிஸ்டரைப் பாருங்க, கையெழுத்துப் போட்டிருக்காரு."

லுவானின் சந்தேகத்தில் தப்பில்லை. சந்து மொத்தத்தையும் காலி செய்யச் சொல்லி, மதிலுக்கு வெளியே குடும்பத்துக்கு ஒரு ஃபிளாட் என்று அறிவித்திருந்தார்கள். பிரிந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. அவ்வளவுதான், அந்த வசந்தத்தில் எங்கள் சந்தில் மட்டும் பதினோரு விவாகரத்து! காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியம் ஜோடி ஜோடியாக ஆட்டுக்கறி நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். நடிப்பு என்று தெரிந்தால் இரண்டாவது ஃபிளாட் கிடையாது. ஒரே கோப்பையில் இரண்டு டூத்பிரஷ் இருந்ததால் மூன்று ஜோடிகள் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தன.

"பிரிஞ்சவரு ஏன் இங்கேயே தங்கணும்?" என்றார் லுவான்.

"ஊர்லயே இதுதாங்க மலிவு" என்றான் பாவ்கு, கட்டிலை விட்டு இறங்காமலே.

"எதுக்காகப் பிரிஞ்சீங்க?"

யுன்சின் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"இருபத்திரண்டு வருஷம் ஐயா! தினமும் இருபத்துநாலு போர்வை உறை துவைக்கிறேன். இவரு வாசல்ல சதுரங்கம் ஆடுவாரு. ஒரு குளிர்காலம், காய்ச்சல்ல எழுந்திருக்க முடியாம கெடந்தேன். கிட்ட வந்து நெத்தியைத் தொட்டுப் பாத்தாரு. பரவால்லையேன்னு நெனச்சேன். 'அப்போ இன்னைக்கு நூடுல்ஸ் யாரு போடுவா?'ன்னாரு."

லுவானின் பேனா நின்றது. "அப்புறம்?"

"நான்தான் எழுந்து போட்டேன். உப்பு பத்தலைன்னாரு."

லுவான் கோப்பை மூடிக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை சந்து முனையில் மறைந்ததும் பாவ்கு கட்டிலிலிருந்து துள்ளி இறங்கினான்.

"அடி சக்கை! அந்த உப்பு விஷயம் எப்படித் தோணுச்சு உனக்கு? எனக்கே என் மேல கோபம் வந்துடுச்சு! ரெண்டாவது ஃபிளாட் நமக்குத்தான். அடுத்த வாட்டி கொஞ்சம் அழுதுடு, என்ன?"

"பாக்கலாம்" என்றாள் யுன்சின், போர்வையை உதறியபடி.

அடுத்த முறை அழவும் செய்தாள். அதற்கடுத்த முறை லுவான் சமையலறையிலேயே உட்கார்ந்து விசாரித்தார். பாவ்குவுக்கு வெளியே இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலோரம் நின்ற வினிகர்க் கடைக்காரியிடம் கிசுகிசுத்தான்.

"என்ன பண்றாரு? எழுதறாரா?"

"எழுதலை. கேட்டுக்கிட்டிருக்காரு. முன்னால கிண்ணம் நிறைய நூடுல்ஸ். பொண்டாட்டி போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சாம், தானேதான் சமைக்கிறாராம்."

"பாவம், நல்லா சாப்பிடட்டும். வயிறு நிறைஞ்சா கேள்வி குறையும்."

கேள்வி குறைந்ததோ என்னவோ, விசாரணை குறையவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை வந்தார். கோடை முடிவதற்குள் அறிக்கையும் வந்தது: 'பிரிவு முற்றிலும் உண்மை. இருவருக்கும் தனித்தனி ஃபிளாட் வழங்கலாம்.'

சந்தே வயிறு குலுங்கச் சிரித்தது. இத்தனை படித்த மனுஷன் இப்படி ஏமாறுவாரா! மாட்டிக்கொள்ளாமல் தப்பித்திருந்த மற்ற கணவன்மார்கள் பாவ்குவைத் தேடி வந்து யோசனை கேட்டார்கள். அவனும், "திட்டு வாங்கணும்யா, பல்லைக் கடிச்சுக்கிட்டு வாங்கணும்" என்று சதுரங்கப் பலகையிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லிக்கொடுத்தான்.

சாவிகள் கைக்கு வந்த அன்று பாவ்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்குத் தண்ணீர் தடவி வாரி, கல்யாண மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து நின்றான்.

"கிளம்பு யுன்சின். பதிவு ஆபீஸ்ல கூட்டம் சேர்றதுக்குள்ள மறுபடி கல்யாணத்தைப் பதிஞ்சுட்டு வந்துடலாம். நடிச்சது போதும்."

"யாரு நடிச்சா?" என்றாள் யுன்சின்.

இலையுதிர் காலத்தில் அவள் லுவானை மணந்துகொண்டு இரண்டாம் மாடி ஃபிளாட்டுக்குக் குடிபோனாள். பாவ்கு ஆறாம் மாடிக்குத் தனியாகப் போனான்.