இடதுகைச் சாய்வு

கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் வரைந்த படம் இருந்தது.

கீழே வேறொருவன் பெயர்.

நங்கூரம், அதைத் தூக்கும் சங்கிலி, சங்கிலி சுற்றும் உருளை. மை கொஞ்சம் பழுத்திருந்தது, அவ்வளவுதான். நாற்பத்தாறு வருஷம் ஆனால் என்ன, பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமலா போய்விடும்?

‘ரியர் அட்மிரல் சந்திரமோகன். பயிற்சிக் காலக் குறிப்பேடு. படங்கள் அவரே வரைந்தவை.’

அவரேவாம்.

துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே இன்னொரு குறிப்பேடு. அதே அட்டை, அதே ஆண்டு, அதே நங்கூரம். பெயர் மட்டும் தார்சியுஸ். அவர் பெயர்.

அதை இந்தக் கடற்படைக் காப்பகத்தில் சேர்க்கத்தான் தூத்துக்குடியிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். செத்துப்போனவனோடு சண்டை போட வரவில்லை. இரண்டு ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். கண்ணுள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு பேரும் கடற்படை அதிகாரியாகப் பயிற்சி எடுத்த கப்பலில் ஒரு சட்டம் இருந்தது. தினமும் குறிப்பெழுத வேண்டும். வாரம் ஒரு படம் தன் கையாலேயே வரைய வேண்டும். சந்திரமோகன் கோடு போட்டால் புழு நெளிந்த மாதிரி இருக்கும். இவர் வரைந்து கொடுத்தார். ஒரே அறை, ஒரே தட்டில் சாப்பாடு. கொடுக்காமல் எப்படி?

ஒரு வாரம் கடல் கொந்தளிப்பு. குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. புதிதாக இன்னொன்று யோசிக்கத் தெம்பில்லை. இரண்டு ஏட்டிலும் ஒரே நங்கூரத்தை வரைந்து தொலைத்தார்.

அந்த ஒரு சோம்பல்தான்.

பயிற்சி அதிகாரி இரண்டையும் மேசையில் விரித்துப் போட்டார். யார் யாரைப் பார்த்து அடித்தது என்று கேட்டார். சந்திரமோகனின் ஏடு ஒரு நாள் முன்பே வந்துவிட்டிருந்தது. அவனுடைய அப்பாவும் கடற்படையில் பெரிய ஆள். தோணிக்காரன் மகன் எதைத்தான் சொந்தமாகச் செய்திருக்கப் போகிறான்?

வெளியே வந்ததும் சந்திரமோகன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இப்போது வாயைத் திறக்காதே, நான் அதிகாரியான மறுநாளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றான்.

நம்பினார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவருக்கும் வாய் இருந்தது. என்ன பிரயோசனம்?

ஏட்டில் சிவப்பு மையால் எழுதி, ஏட்டோடு ஆளையும் ஊருக்கு அனுப்பினார்கள். அந்த மறுநாள் வரவேயில்லை. துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டினார். களவாணிப் பயல் என்று ஒரு தடவை சொன்ன அப்பா, அதற்குப் பிறகு சாகும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

காப்பகத்துப் பெண் வந்தாள். ஓவியக் கல்லூரியில் படித்தவளாம். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் ஏட்டை வாங்கிப் பிரித்தாள்.

நங்கூரம் வந்தது. அதன் அடியில் சிவப்பு மையும் வந்தது.

‘பிறர் வேலையைத் தன்னுடையது என்று காட்டியவர். அதிகாரியாகத் தகுதியற்றவர்.’

அவள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். ஏட்டைப் பார்த்தாள். இதையெல்லாம் இங்கே வாங்க முடியுமா என்று தெரியவில்லை, மேலே கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று பக்குவமாகச் சொன்னாள்.

நிழலுக்குப் போட்ட கோடுகளைப் பார்க்கச் சொன்னார் அவர். வலதுகைக்காரன் இழுத்தால் ஒரு பக்கம் சாயும். இடதுகைக்காரன் இழுத்தால் எதிர்ப்பக்கம் சாயும். இரண்டு படத்திலும் எதிர்ப்பக்கம்தான் சாய்ந்திருந்தது.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அட்மிரல் இடதுகைக்காரர் என்று அதை வைத்துத்தான் தானே கண்டுபிடித்ததாகவும், பட்டியலில்கூட அப்படிச் சேர்த்துவிட்டதாகவும் சொன்னாள். இவர் அந்தச் சாய்வைக்கூட விடாமல் பார்த்து வரைந்திருக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டாள்.

வருகைப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். அங்கே பேனா கூடாது, பென்சில்தான். அதை இடக்கையில் எடுத்தார். தன் பெயரை எழுதினார். அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

பிறகு அதே கையால் சுவரைக் காட்டினார்.

சட்டம் போட்ட பெரிய புகைப்படம். முழுச் சீருடையில் சந்திரமோகன் எதிலோ கையெழுத்துப் போடுகிறான்.

பேனா வலக்கையில்.

அவள் பதிவேட்டைப் பார்த்தாள். அவருடைய இடக்கையைப் பார்த்தாள். புகைப்படத்தைப் பார்த்தாள். திரும்பவும் கையைப் பார்த்தாள். படித்த பெண். விளங்காமல் இருக்காது.

விளங்கியது. அவள் முகத்தில் அது வந்து நின்றதை அவர் கண்ணால் கண்டார். நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தருக்கு விளங்கியிருக்கிறது.

அவள் பார்வை மெல்ல உள்ளறைப் பக்கம் போனது. அங்கே அட்மிரலின் குடும்பம் கொடுத்த பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

பென்சிலை எடுத்து ஒரு துண்டுத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“போட்டோவைத் திருப்பிப் பிரிண்ட் போட்டுட்டாங்க போல சார். மாத்தச் சொல்றேன்.”

அவர் ஏட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். போகிற வழியில் புகைப்படத்தின் முன் நின்றார்.

படம் திரும்பியிருந்தால் பதக்கங்கள் வலப்பக்க மார்புக்குப் போயிருக்கும்.

அவை இடப்பக்கத்தில், இருக்க வேண்டிய இடத்தில்தான், வரிசையாக இருந்தன.