உடையவன் வாய்ச்சொல்

"கத்திப் பேசாதண்ணே. ராத்திரி பூரா காய்ச்சல்ல அனத்திக்கினு கெடந்தாரு, இப்பத்தான் தூங்கறாரு" என்றாள் பாஞ்சாலி. குடிசை வாசலில் மூன்று கல் அடுப்பில் புருஷனுக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அது பொங்கி நெருப்பில் வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. துரைராஜ்தான் "பொங்குது பாரும்மா" என்று காட்டினான்.

நொச்சிக்குப்பத்திலிருந்து துரைராஜும் அவன் மனைவி தேவானையும் அடையாறு ஊரூர் குப்பத்துக்கு வந்தது, பழைய கட்டுமரம் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு. கல்யாணமான நாளிலிருந்து அவன் அடுத்தவன் மரத்தில் துடுப்புப் போடுகிறான். வலையில் வரும் நல்ல மீனெல்லாம் மரக்காரனுக்கு, மிச்சமும் ஏச்சும் இவனுக்கு. காசிமேட்டு விசைப்படகுகள் வேறு கடலை வழித்துக்கொண்டு போக, அந்த மிச்சமும் இளைத்துவிட்டது.

தேவானை கம்மலை விற்ற பணம் அவள் சுருக்குப்பையில் இருந்தது. அதற்குள் சொந்த மரம் கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் இந்த வருஷமும் கூலிதான்.

காலையிலேயே வேறு இரண்டு மரம் பார்த்தாகிவிட்டது. ஒன்று உளுத்துப்போயிருந்தது. இன்னொன்றின் விலையைக் கேட்டு தேவானை சிரித்தேவிட்டாள்.

பாஞ்சாலி வீட்டு மரம் அப்படியில்லை. கட்டுப் பிரித்து மணலில் காயப்போட்டிருந்த கட்டைகளை துரைராஜ் ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டினான், முகர்ந்தான். ஒரு கட்டையைத் தோளில் தூக்கியும் பார்த்தான். தண்ணீர் குடித்த கனம் துளியும் இல்லை. அருமையான மரம், விலையோ பாதி. அங்கேதான் அவனுக்கு உதைத்தது.

"இன்னாம்மா, இவ்ளோ மலிவா சொல்றே?"

"ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும்ணே. கையில ஒண்ணியும் இல்ல" என்றாள் பாஞ்சாலி. இடுப்பிலிருந்த பெண் குழந்தை சிணுங்கியது.

"கோச்சுக்காத. எங்க நைனாவும் மலிவா கீதேன்னு ஒரு மரம் வாங்கினாரு. செத்தவன் மரம்னு அவருக்குத் தெரியாது. அந்த வாரமே மரம் மட்டும் கரைக்கு வந்துச்சு, நைனா வரல. உடையவன் உசுரோட இருந்து, அவன் வாயால எடுத்துக்கோன்னு சொல்லணும். அப்பத்தான் நான் தொடுவேன்."

பாஞ்சாலி கஞ்சியைக் கிண்டினாள். "எழுப்பினா திட்டுவாருண்ணே."

"திட்டட்டும். நான் போயி கேக்கறேன்" என்று துரைராஜ் எழுந்தான்.

"நீ இருய்யா" என்று தேவானை தடுத்தாள். "பொம்பள பொழங்கற ஒத்த ரூமு. நான் கேட்டுக்கினு வர்றேன்."

குனிந்து உள்ளே போனவள் சட்டென்று திரும்பவில்லை. அலை இரைச்சலில் உள்ளே பேசுவது எதுவும் வெளியே கேட்கவில்லை. பாஞ்சாலி கரண்டியை இறுக்கிப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே படுத்திருப்பவன் மரத்தைத் தர மாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் துரைராஜுக்கு. அவனுக்கு அந்த மரத்தின் மேல் ஆசை வந்துவிட்டிருந்தது.

தேவானை வெளியே வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுப்பிக் கேட்டேன். நல்ல மரம், தைரியமா எடுத்துக்கோன்னாரு."

"வேற இன்னா சொன்னாரு?"

"காய்ச்சல்காரன் கதையா சொல்வான்? அவ்ளோதான்."

சுருக்குப்பையை அவளே அவிழ்த்தாள். ஒரு கட்டுக் கீரைக்குத் தெருவே கூடும்படி மல்லுக்கட்டுகிறவள், ஒரு பைசா குறைத்துக் கேட்கவில்லை. பணத்தை வாங்கிய பாஞ்சாலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தேவானைதான் மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாசலில் நின்று நாலு தடவை "வர்றேன்" சொல்வது தேவானையின் வழக்கம். அன்று ஒன்றுமே சொல்லாமல் மணலில் இறங்கி நடந்தாள். கம்மல் போன வருத்தம் என்று துரைராஜ் நினைத்துக்கொண்டான். அடுத்த வருஷம் கல் வைத்ததாகவே வாங்கித் தந்துவிட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டான்.

கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, கரையோரமாகவே துடுப்புப் போட்டு அவன் நொச்சிக்குப்பம் போய்ச் சேர்ந்தான். தேவானை பல்லவன் பஸ்ஸில் வந்து முன்னாடியே காத்திருப்பதாகப் பேச்சு. ஆனால் அவள் நடந்தே வந்து சேர்ந்தபோது மரம் கரையேறி, சனம் கூடி, தட்டில் கற்பூரமும் ஏற்றியாகிவிட்டது.

"வா, வா! பூ மாதிரி போவுது தேவான! இந்தா, அம்மன் கோயில் குங்குமம். வூட்டுக்காரி கையாலதான் மரத்துக்கு மொதப் பொட்டு வெக்கணும்" என்று துரைராஜ் தட்டை நீட்டினான். இப்படி வாயெல்லாம் பல்லாக அவனை அவள் பார்த்ததே இல்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

அவள் தட்டைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இருய்யா. ஒரு கொடம் தண்ணி தலைல ஊத்திக்கினு வந்துடறேன்."

"கற்பூரம் அணையப்போவுது, இப்ப இன்னா குளியல்? ஆளுங்கல்லாம் நிக்கறாங்க பாரு. வையி!" என்று அவள் கையை இழுத்துக் குங்குமத்தில் அழுத்தப் போனான்.

வெடுக்கென்று உதறிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. யாருக்கும் கேட்காமல் அவன் காதோடு சொன்னாள்:

"வாணாய்யா... பொணத்தத் தொட்ட கையி."