ஆர்னிகா தைலம்

“ஐயோ, மெதுவாடீ!”

கை நிறைய ஆர்னிகா தைலம் எடுத்து ஃபெர்மினின் இடுப்பை நீவிவிட்டாள் அவன் மனைவி ஓர்தென்சியா. மெக்சிகோவின் புயெப்லா நகர மல்யுத்த அரங்கில் இன்று அவனைத் தூக்கிப் போட்டு அடித்தது, வாயே திறக்காத முகமூடிக்காரன் ‘ஊமைத் தேள்’.

“நான் ஜெபமாலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள இடுப்ப ஒடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறியே!”

“நான் மட்டும் சும்மா விட்டேனா? அவன் தோள்ல நல்லாக் கடிச்சு வச்சேன்ல!” முன்பல் ஒன்று போன வாயைத் திறந்து காட்டினான். “வர்ற ஞாயிறு முகமூடிப் பந்தயம். எங்க ரெண்டு பேர்ல தோத்தவன் முகமூடியக் கழட்டி ஊர் முன்னாடி முகத்தக் காட்டணும். அவன் முகமூடியக் கிழிக்கிறேன் பாரு!”

எங்கே வலிக்கிறது என்று அவன் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவள் விரல்கள் தானாகவே அங்கெல்லாம் போய் நின்றன. எலும்பெல்லாம் வெண்ணெயாக உருகி, கோபமும் கரைந்து, அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“போதும் எந்திரி. இப்ப எனக்குப் பிடிச்சு விடு. தோள் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது.”

“ஜெபமாலை உருட்டினதுக்கா?” சிரித்துக்கொண்டே அவள் சட்டையைத் தோளிலிருந்து விலக்கினான்.

சிவக்கச் சிவக்கப் பல்தடம். நடுவில் ஒரு பல் மட்டும் பதியவில்லை.

“மெதுவா அமுக்குய்யா,” என்றாள் ஊமைத் தேள். “ஞாயித்துக்கிழமை வேலை இருக்கு.”