ஷமீமாவின் வலது முட்டி

டென்னிஸ் காலிறுதியில் ஷமீமாவிடம் முதல் செட்டைப் பறிகொடுத்து நின்ற மிருதுளாவின் காதில் பயிற்சிக் கருவி பேசியது. "இந்த ஆட்டம் இனி எடுபடாதும்மா. நெட்டை ஒட்டி டிராப் ஷாட் போடு. ஷமீமாவுக்கு வலது முட்டியில வலி."

கை யோசிக்கவில்லை, போட்டது. ஓடிவந்த ஷமீமா ஒவ்வொரு முறையும் தடுமாறினாள். கடைசிப் பந்துக்கு விழுந்தே போனாள்.

அந்த வலியை முந்தின நாள் விடுதி அறையில்தான் அவள் சொல்லியிருந்தாள். தைலம் தேய்த்துவிட்டவள் மிருதுளா. கருவி அப்போதும் காதில் இருந்தது.

"உங்கிட்ட மட்டும்தானடி சொன்னேன்," என்ற ஷமீமா, கைகொடுக்காமல் நொண்டியபடி போனாள்.

மிருதுளா நெட்டுக்கு மேலே நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டாள்.

"சபாஷ்மா," என்றது கருவி. "அரையிறுதி ஜெசிந்தாவோட. சாயங்காலம் மெஸ்ஸுல அவ பக்கத்துல போய் உட்காரு. பாவம், பேச ஆளில்லாம இருக்கா."