பல்லியண்ணன் சொல்லிவிட்டார்

ஒரு சமையலறைச் சுவரில் பல்லி ஒன்று இருந்தது. விளக்கடியிலேயே வயிறு நிறைய ஈசல் கிடைத்ததால் மற்றவர்களை அது துரத்துவதில்லை. யார் எது பேசினாலும் "உச்" என்று ஒரு சத்தம் கொடுக்கும், அவ்வளவுதான். பல்லி சொல்லிவிட்டால் அது உண்மை என்று அந்த வீட்டுப் பூச்சிகளெல்லாம் நம்பின.

இரவெல்லாம் கிர்ரென்று பாடும் சுவர்க்கோழிப் பூச்சி ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. இளவட்டக் கரப்பான் ஒன்று காலண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "சுவர்க்கோழி பாடுதா, துருப்பிடிச்ச கீல் கத்துதா?" என்றது. பல்லி "உச்" என்றது. எறும்புகள் அதை அறை அறையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. மறுநாள் கரப்பான், "அதுக்கு மூஞ்சியும் அப்படித்தான்" என்றது. அதற்கும் ஒரு உச்.

"எதுக்குடா அந்தப் பிள்ளையை வம்புக்கு இழுக்கிறே?" என்று பல்லி கேட்டது.

"முன்னாடி என்னை யாருண்ணே திரும்பிப் பார்த்தாங்க? நீங்க உச்சுன்னதும் வீடு முழுக்க என் பேச்சுதான்."

நாம் என்ன, ஒரு சத்தம்தானே கொடுத்தோம் என்று பல்லி அதை அப்படியே விட்டுவிட்டது.

சுவர்க்கோழி முதலில் பாட்டை நிறுத்தியது, பிறகு சாப்பாட்டையும். ஒருநாள் சுவரடியில் வந்து நின்று, "பல்லியண்ணே, நான் இந்த வீட்டை விட்டுப் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதிதானே?" என்று கேட்டது.

வற்றிப்போன அதன் கால்களைப் பார்த்ததும் பல்லிக்கு மனசு கேட்கவில்லை. ஐயோ பாவமே என்று உச்சுக் கொட்டியது.

"சரிண்ணே, நீங்களே சொல்லிட்டீங்க" என்று சுவர்க்கோழி கதவிடுக்கு வழியாகக் கொட்டும் மழைக்குள் இறங்கிப் போனது.